நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகிறது பூனை, தைராய்டாக இருக்குமா?

மணியோட அம்மா:
எங்கள் மணிக்கு 13 வயது. தீபாவளி சமயம் 4.6 கிலோ இருந்தான், இப்போது 3.4. முன்பெல்லாம் ஒரு மத்தி மீனோடு போதும் என்று போய்விடுவான், இப்போது மூன்றைத் தின்றுவிட்டு என் தட்டிலும் வாய் வைக்கிறான். விடிகாலை மூன்று மணிக்குக் கதவருகே நின்று கத்தல், அடிக்கடி வாந்தி, தண்ணீர்க் கிண்ணமும் சீக்கிரம் காலியாகிறது. பக்கத்துக் கிளினிக்கில் வயசாயிடுச்சு என்று பூச்சி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மனசு கேட்காமல், நாம் போகும் லேபிலேயே ரத்தம் கொடுத்து டி4 (தைராய்டு ஹார்மோன் அளவு) பார்த்தேன், 7.9. ரிப்போர்ட்டில் 5 முதல் 12 வரை நார்மல் என்று போட்டிருக்கிறது. அப்போ தைராய்டு இல்லைதானே?

கறுப்புப்பூனை:
அந்த 5-12 மனிதர்களுக்கான கணக்கு அக்கா! பூனைக்கு 4, மிஞ்சினால் 4.7தான் மேல் வரம்பு, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். 7.9 என்றால் நன்றாகவே கூடுதல். பத்து வயதுக்கு மேல் இது சகஜம், பெரும்பாலும் புற்றுநோயும் இல்லை, சுரப்பி வீங்கி அதிகமாகச் சுரக்கிறது, அவ்வளவுதான். கால்நடை மருத்துவரிடம் கழுத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், சிலசமயம் சின்ன உருண்டை கையில் தட்டுப்படும். கூடவே கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை), சர்க்கரை, சிறுநீர், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிடுங்கள், கிட்னி கோளாறிலும் சர்க்கரையிலும்கூட இதே மாதிரி இளைத்துத் தண்ணீர் குடிக்கும்.

சுரேஷ்_மதுரை:
எங்கள் வீட்டில் அம்மா தினம் காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறார்கள். அதையே கால் துண்டு கொடுத்துப் பார்க்கலாமே?

கறுப்புப்பூனை:
ஐயோ, வேண்டவே வேண்டாம் தம்பி. அது சுரப்பு குறைந்தவர்களுக்கு. இங்கே ஏற்கெனவே பொங்கி வழிகிறது, அதைக் கொடுத்தால் இதயம் இன்னும் படபடக்கும்.

ஜெயந்தி:
என் பூனைக்கு இரண்டு வருஷமாக மெத்திமசோல், தைராய்டு சுரப்பைக் குறைக்கும் மாத்திரை. டாக்டர் 1.25 மில்லிகிராம் காலை மாலை என்று ஆரம்பித்து, மூன்று வாரம் கழித்து டி4ஐயும் கிட்னியையும் மறுபடி பார்த்துத்தான் அளவைக் கூட்டினார். அந்த மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் தைராய்டு எகிறும்போது கிட்னிக்கு ரத்தம் அதிகமாகப் போய் அதன் பலவீனம் ரிப்போர்ட்டில் தெரியாது, மாத்திரை வேலை செய்த பிறகுதான் வெளியே வரும். முகத்தை ரத்தம் வரச் சொறிந்தாலோ சாப்பிடாமல் சுருண்டாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நாமாக உடைக்கக் கூடாது, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அதைத் தொடவே கூடாது. மீனுக்குள் வைத்தால் மீனை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும் சாமர்த்தியம் என் பூனைக்கு உண்டு, காதின் உட்புறம் தடவும் களிம்பாகவும் செய்து தருவார்கள், கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் கதிரியக்க அயோடின் ஊசி ஒன்றிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது, மாத்திரை என்றால் ஆயுளுக்கும்தான்.

மணியோட அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தைராய்டுதான். இதயம் நிமிஷத்துக்கு 230 அடிக்கிறதாம். கிட்னி இப்போதைக்குச் சரி, மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் மாத்திரையைச் சோபாவுக்கு அடியில் இருந்து இப்போதுதான் பொறுக்கினேன். ஜெயந்தி அக்கா, அந்தக் களிம்பை எந்தக் காதில், எவ்வளவு தடவுவீர்கள்?