பழைய நோட்புக்கில் 31 கிணறு, நான் ஓட்டினால் 26: எதை நம்புவது?

பென்னாகரம்_வேதியியல்

வணக்கம். தருமபுரியில் வேதியியல் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பென்னாகரம், நல்லம்பள்ளிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு எவ்வளவு என்பதுதான் பொருள். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை; ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன் வளர்ந்தவர்கள் சிரித்தாலே பல்லின் கறையில் தெரிந்துவிடும்.

எனக்கு முன் இதே ஆய்வகத்தில் இருந்த சீனியர் ஓர் எக்செல் கோப்பும் ஒரு ஜூபிட்டர் நோட்புக்கும் (பைத்தான் நிரலைச் செல் என்ற துண்டுகளாகவும், அவற்றின் விடைகளைக் கீழேயும் வைத்திருக்கும் கோப்பு) விட்டுச்சென்றிருக்கிறார். நோட்புக்கைத் திறந்தால், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டிய கிணறுகள் 31 என்று விடை அச்சாகி நிற்கிறது. என் கணினியில் மேலிருந்து கீழ்வரை ஓட்டினால் 26 வருகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. எக்செல் கோப்பில் நான் கைவைக்கவே இல்லை. "31 என்று மாநாட்டில் சொல்லியாகிவிட்டது, அதையே வைத்துக்கொள்" என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனம் ஒப்பவில்லை. பைத்தான் பதிப்பு மாறினால் இப்படி ஆகுமா?

பாலக்கோடு_நிரலர்

ஆகலாம். நோட்புக் என்றாலே இந்தத் தொல்லைதான். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைச் சேகரித்தார்கள். மீண்டும் ஓட்ட முடிந்தவற்றை ஓட்டிப் பார்த்தபோது, பிழையின்றி முடிந்தவை 24 சதவீதம்தான். பழைய விடையையே திருப்பித் தந்தவை வெறும் 4 சதவீதம். நோட்புக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண பைத்தான் கோப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஓசூர்_தரக்கட்டுப்பாடு

தூக்கிப் போடுவது இருக்கட்டும் தம்பி. முதலில் அந்த ஐந்து கிணறு எங்கே போயின என்று பார்ப்போம். ஒரு எண் 1.5-ஐவிடப் பெரியதா என்று கேட்பதற்கு எந்தப் பதிப்பும் இரண்டு விதமாகப் பதில் சொல்லாது.

அம்மா, ஒவ்வொரு செல்லுக்கும் இடப்பக்கம் பகர அடைப்புக்குள், அது எத்தனையாவதாக ஓடியது என்று காட்டும் ஓர் எண் இருக்கும். நீங்கள் ஓட்டாத மூலப் பிரதியைத் திறந்து, அந்த எண்களை மேலிருந்து கீழாக எழுதுங்கள். எந்தச் செல் என்ன வேலை செய்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஃபுளோரைடை எந்த முறையில் அளந்தார்கள்?

பென்னாகரம்_வேதியியல்

எக்செல்லைப் படிக்கும் செல்லின் எண் 3. அளவை நீர்த்த மடங்கால் பெருக்கும் செல்லின் எண் 12. அதன் கீழே முதல் சில கிணறுகளின் அட்டவணை அச்சாகியிருக்கிறது. எண்ணிக்கை எடுக்கும் செல்லின் எண் 13. அளந்தது ஸ்பேட்ன்ஸ் சாயமுறையில். அது 1.4 வரைதான் நேராக அளக்கும். அதற்கு மேல் போனால் மாதிரியை நீர்த்து அளந்து, மடங்கால் பெருக்க வேண்டும்.

ஓசூர்_தரக்கட்டுப்பாடு

அங்கேதான் இருக்கிறது.

திரையில் தெரியும் கோப்பு வேறு, பின்னால் இருந்து நிரலை ஓட்டும் கெர்னல் வேறு. கோப்பில் இருப்பது நிரலும் கடைசியாக வந்த விடையும் மட்டும். மாறிகளின் மதிப்பு கெர்னலின் நினைவில் இருக்கிறது. கணினியை அணைத்ததும் அது போய்விட்டது. ஒரு செல்லை எத்தனை முறை ஓட்டினாலும் கடைசி முறையின் எண்தான் பதிவாகும். 3-க்கும் 12-க்கும் இடையில் எட்டு ஓட்டங்கள் நடந்திருக்கின்றன, எவை என்று கோப்பு சொல்லாது. என் சந்தேகம்: பெருக்கும் செல் இரண்டு முறை ஓடியிருக்கிறது. அது பழைய நெடுவரிசையின் மேலேயே விடையை எழுதுகிறதென்றால், உப்புப் போட்ட குழம்பில் மறுபடி உப்பு விழுந்த கதைதான்.

சந்தேகம் போதாது, சாட்சி வேண்டும். அந்த அட்டவணையில் நீர்த்த மாதிரி ஒன்றை எடுத்து, ஆய்வகப் பதிவேட்டில் கையால் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட ஐந்து கிணறுகளின் சரியான அளவையும் பாருங்கள். எல்லாம் 1.4-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்கும் என்பது என் ஊகம். வரம்புக்குள் இருந்தும் நீர்க்கப்பட்டவை அவை மட்டும்தான்.

பென்னாகரம்_வேதியியல்

சார், அப்படியேதான் இருக்கிறது! பதிவேட்டில் ஒரு கிணற்றுக்கு அளவு 0.71, மடங்கு 2. அப்படியானால் 1.42 வர வேண்டும். சீனியரின் அட்டவணையில் 2.84. ஐந்து கிணறுகளும் 1.4-க்கும் 1.5-க்கும் இடையில்தான் இருக்கின்றன. பக்கத்தைப் படம் எடுத்து வழிகாட்டியிடம் காட்டினேன். பதிவேட்டை வாங்கித் தானே பெருக்கிப் பார்த்தார், பிறகு 26 என்றே எழுதச் சொல்லிவிட்டார். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நோட்புக்கையும் சேர்க்கச் சொல்கிறார். இனி எப்படி எழுதுவது?

ஓசூர்_தரக்கட்டுப்பாடு

சராசரியையும் திரும்ப எடுங்கள். நீர்த்த மாதிரிகள் எல்லாவற்றிலும் அளவு இன்னொரு முறை மடங்கால் பெருகியிருக்கிறது, எண்ணிக்கையைவிடச் சராசரிதான் அதிகம் கெட்டிருக்கும்.

எழுதுவதைப் பொறுத்தவரை, அளந்த எண் ஒரு நெடுவரிசை, திருத்திய எண் வேறொரு நெடுவரிசை. அப்படி வைத்தால் நூறு முறை ஓட்டினாலும் அதே விடைதான். சேமிக்கும் முன் கெர்னலை மறுதொடக்கம் செய்து எல்லாச் செல்களையும் வரிசையாக ஓட்டுங்கள். எண்கள் 1, 2, 3 என்று வராத நோட்புக்கை எங்கள் தொழிற்சாலையில் நான் கையெழுத்துப் போட்டு வாங்குவதில்லை. பைத்தான், அதில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் ஆகியவற்றின் பதிப்பு எண்களை ஒரு சிறு கோப்பில் எழுதிக் கூடவே வையுங்கள். இணையத்திலேயே நோட்புக் ஓட்டும் கூகுள் கோலாபில் செய்வதானால் எக்செல் கோப்பை டிரைவில் வைத்துப் படிக்கச் செய்யுங்கள். நேராக ஏற்றிய கோப்பு அந்த அமர்வு முடிந்ததும் அழிந்துவிடும்.

பாலக்கோட்டுத் தம்பிக்கு: பெர்னாண்டோ பெரெஸ் 2001-இல் ஐபைத்தானைத் தொடங்கியபோது இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். ஒரு வரி எழுதி உடனே விடை பார்க்கும் வசதிதான் அவருக்கு வேண்டியிருந்தது. 2011-இல் நோட்புக்கும் 2014-இல் ஜூபிட்டர் திட்டமும் அதிலிருந்து கிளைத்தவை. முயன்று பார்க்கப் பிறந்த கருவியை நாம் சாட்சிப் பத்திரமாக்குகிறோம், அதனால்தான் இத்தனை எச்சரிக்கை. முடியாததல்ல: 2016-இல் ஈர்ப்பு அலையைக் கண்டதாக அறிவித்த லைகோ குழு, தரவோடு நோட்புக்கையும் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் ஓட்டி அந்த அலையைப் பார்க்கலாம்.

பாலக்கோடு_நிரலர்

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் மாரிமோ என்று வேறொரு நோட்புக் கருவி இருக்கிறது. ஒரு செல்லை மாற்றினால் அதை நம்பியிருக்கும் செல்கள் தாமாக ஓடும். செல்லை அழித்தால் அதன் மாறிகளும் போய்விடும். கோப்பும் சாதாரணப் பைத்தான் கோப்புதான். இந்தச் சிக்கலே வந்திருக்காது.

ஓசூர்_தரக்கட்டுப்பாடு

இந்தச் சிக்கல் அங்கேயும் வரும். எந்தச் செல் எந்த மாறியை உண்டாக்குகிறது, எது பயன்படுத்துகிறது என்பதைத்தான் மாரிமோ கவனிக்கிறது. இருக்கும் அட்டவணையின் உள்ளே ஒரு நெடுவரிசையை மாற்றி எழுதினால் அதற்குத் தெரியாது. அந்தச் செல்லை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள், 2.84 வரும்.