புதுப்பிப்பு: 45 டிகிரி மூலை இப்போது இடைவெளி இல்லாமல் சேர்கிறது

மதுரை செல்லூரில் எங்கள் பட்டறையில் சாமி படங்களுக்குத் தேக்குச் சட்டம் போடும்போது மூலைகள் வாய் பிளக்கின்றன, டேபிள் சாவில் (மேசைக்கு மேல் வட்ட ரம்பம் நீட்டியிருக்கும் மரம் அறுக்கும் இயந்திரம்) இதை எப்படிச் சரிசெய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது. பதில் சொன்ன அண்ணன்களுக்கு நன்றி.

மைட்டர் கேஜில் (மரத்தை வேண்டிய கோணத்தில் வைத்துத் தள்ளும் கருவி) போட்டிருக்கும் கோணக் கோட்டை மட்டும் நம்ப வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் விஷயம். நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக அரை டிகிரி பிசகினால், கடைசி மூலையில் 4 டிகிரி சேர்ந்து நிற்கும்.

அதனால் பிளைவுட்டில் ஒரு ஸ்லெட், அதாவது மரத்தை மேலே வைத்து மேசைப் பள்ளம் வழியாகப் பிளேடை நோக்கித் தள்ளும் பலகை, செய்தேன். பிளேடு மேசைப் பள்ளத்துக்கு இணையாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். அது கோணினால் மற்றதெல்லாம் வீண். அப்புறம் ஸ்லெட் மேல் இரண்டு கட்டைகளை மூலைமட்டம் வைத்து, ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியில் திருகினேன். ஒரு மூலையில் சேரும் துண்டுகளில் ஒன்றை இடப்பக்கக் கட்டையிலும் மற்றதை வலப்பக்கக் கட்டையிலும் வைத்து வெட்ட வேண்டும். ஒரு பக்கம் 44.7 வந்தால் மறுபக்கம் 45.3 வரும், கூட்டினால் 90. என்ன அழகான ஏற்பாடு!

கட்டை முகத்தில் உப்புத்தாள் ஒட்டியதும் மரம் வழுக்குவது நின்றது. எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளம் வர தடுப்புக் கட்டை அவசியம். சிறு துண்டுகளைக் கையால் பிடிக்காதீர்கள், கிளாம்ப் போடுங்கள்.

பிளேடைச் சாய்த்து வெட்டும் பெட்டி வேலைக்கு இந்த ஸ்லெட் ஆகாது. அதைத் தனியாக எழுதுகிறேன்.