நம் வீட்டார் குழு: தூசும் சர்க்கரையும்

மாமா: எனக்கு வந்ததை அப்படியே அனுப்புகிறேன். "பிறந்துகொண்டிருக்கும் விண்மீனைச் சுற்றி உயிர் கண்டுபிடிக்கப்பட்டது. அனைவருக்கும் பகிருங்கள்."

அக்கா: இது உண்மையா, மாமா? பாப்பா நாளை மறுநாள் பள்ளியில் விண்மீன் பிறப்பைப் பற்றிப் பேசுகிறாள். இதையே தொடக்கமாக வைக்கட்டுமா என்று கேட்கிறாள்.

பெரியப்பா: வைக்கட்டும். நல்ல தொடக்கம்.

அத்தை: வேண்டாம். அங்கே கண்டது உயிர் அன்று. 2012ஆம் ஆண்டில், சிலி நாட்டின் அடகாமா பாலைநிலத்தில் உள்ள அல்மா தொலைநோக்கியின் வழியாக, 400க்கும் மேற்பட்ட ஒளியாண்டுத் தொலைவில் சூரியனைப் போன்ற ஓர் இளம் விண்மீனைச் சுற்றியுள்ள வாயுவில் கிளைக்கோலால்டிஹைடு என்னும் மூலக்கூறைக் கண்டார்கள். அது சர்க்கரை இனத்தைச் சேர்ந்த மிக எளிய பொருள். அந்தச் செய்திதான் கைமாறிக் கைமாறி இப்படி ஆகியிருக்கும்.

சித்தி: சர்க்கரையா?

மாமா: சர்க்கரை இருந்தால் உயிரும் இருக்கலாம் அல்லவா?

அத்தை: அந்த மூலக்கூறில் இருப்பவை மொத்தம் எட்டு அணுக்கள், அண்ணா. தன்னைத் தானே படியெடுக்கும் எதற்கும் அது மிகத் தொலைவில் இருக்கிறது. உயிர் எதுவும் இல்லாமலே அது உருவாகிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

பெரியப்பா: வெறும் தூசும் வாயுவும் இருக்கும் இடத்தில் எப்படி உருவாகும்?

அத்தை: தூசு இருப்பதால்தான் உருவாகிறது. விண்மீன் பிறக்கும் முகிலின் நிறையில் தூசு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். ஒவ்வொரு துகளும் மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். வெப்பநிலை மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது, கார்பன் மோனாக்சைடு அந்தத் துகளின்மேல் உறைந்து பனியாகப் படிகிறது. அதில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர, முதலில் ஃபார்மால்டிஹைடும் பிறகு மெத்தனாலும் உண்டாகின்றன. வெறும் வெளியில் இரண்டு அணுக்கள் மோதினால், பிணைப்பில் வெளிப்படும் ஆற்றலை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாததால் அவை பெரும்பாலும் மீண்டும் பிரிந்துவிடும். துகள் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது.

பெரியப்பா: மூன்று நிமிடப் பேச்சுக்கு இவ்வளவும் எதற்கு?

அத்தை: "பெண்ணுக்கு வேதியியல் எதற்கு" என்று அன்று நீங்கள் கேட்டதும் இதே போலத்தான் இருந்தது, அண்ணா. அப்போது எனக்காக அப்பா பேசினார்.

அக்கா: பழையது இங்கே வேண்டாம், அத்தை.

பெரியப்பா: அதை நேரில் பேசிக்கொள்வோம். நீ மேலே எழுது.

சித்தி: மெத்தனால் நச்சுப் பொருள் அல்லவா? அதையா பிள்ளை மேடையில் சொல்வாள்?

அத்தை: நமக்கு அது நச்சுதான். ஆனால் புறஊதாக் கதிரும் அண்டக் கதிரும் பட்டு மெத்தனால் உடையும்போது கிடைக்கும் துண்டுகள் பனிக்குள்ளேயே மீண்டும் இணைந்துதான் பெரிய கரிம மூலக்கூறுகள் பல தோன்றுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகையால் மெத்தனாலை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அக்கா: பனிக்குள் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பாப்பா கேட்கிறாள்.

அத்தை: மிக நல்ல கேள்வி, கண்ணே. பின்னால் உள்ள விண்மீனின் அகச்சிவப்பு ஒளி பனியைக் கடந்து வரும்போது, ஒவ்வொரு பொருளும் தனக்குரிய அலைநீளத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த இடைவெளிகளைப் படிக்கிறது. பனி ஆவியானால், அந்த மூலக்கூறுகள் வெளியிடும் வானொலி அலைகளை அல்மா பிடித்துக்கொள்ளும். வி883 ஓரியோனிஸ் என்னும் இளம் விண்மீன் திடீரென ஒளி கூடியதால், அதைச் சுற்றியுள்ள தூசும் வாயுவும் கொண்ட வட்டில் இருந்த பனி வெகு தொலைவு வரை ஆவியாகிவிட்டது. அங்கே மெத்தனாலும் அசிட்டோனும் இருப்பதாக 2019இல் அறிவித்தார்கள். கோள்கள் உருவாகக்கூடிய வட்டிலேயே அவை இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்.

மாமா: தலைப்பில் "உயிர்" என்ற சொல் ஒரு முறையாவது இருக்கட்டும்.

அத்தை: புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்களில் ஒன்றான கிளைசீன் 67பி வால்மீனில் இருப்பதை ரொசெட்டா விண்கலம் காட்டியது, 2016இல் அந்த முடிவு வெளியானது. அதைச் சொல்லிவிட்டு "உயிருக்கு முந்தைய வேதியியல்" என்று வைத்தால் எனக்கு மறுப்பில்லை.

பெரியப்பா: "தூசு" என்றே வைக்கலாம்.

அக்கா: பாப்பா தூங்கிவிட்டாள். தலைப்பை நாளை பார்ப்போம்.

மாமா: நான் அனுப்பியதை நீக்கிவிடட்டுமா?

சித்தி: நான் அதை என் தோழியர் குழுவுக்கு அப்போதே அனுப்பிவிட்டேன்.

அத்தை: அப்படியானால் என் விளக்கத்தையும் அங்கே அனுப்பிவிடு.

சித்தி: எல்லாவற்றையுமா, அந்த எட்டு அணுக்களைப் பற்றியதை மட்டுமா?