மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு வானியல்?

இரண்டாசிரியர்:
எங்கள் வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளில் வானியல் மன்றம் ஆரம்பிக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. நான் எதிர்ப்பு. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததே மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் பிள்ளை தடுமாறாமல் வாசிக்க வேண்டும், கூட்டல் கழித்தல் போட வேண்டும் என்பதற்குத்தான், எங்கள் பள்ளியில் அந்த வேலையே இன்னும் முடிந்தபாடில்லை. இதற்கு நடுவில் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று எட்டையும் ஒப்பிக்கவைத்து, ஆண்டு விழாவில் ஆளுக்கொரு அட்டைக் கிரீடம் மாட்டி மேடையேற்றி என்ன ஆகப்போகிறது?

ஆறாமீன்:
கோள் பெயர் ஒப்பிப்பதில் நானும் உங்கள் கட்சிதான் சார், அது வேண்டவே வேண்டாம். நான் கேட்பது ஒரு குச்சி. விளையாட்டுத் திடலில் நேராக நட்டுவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். கோவையில் ஏப்ரல் மாதம் இதைச் செய்தால் நிழல் மிகக் குட்டையாவது 12 மணிக்கு இல்லை, 12.20-ஐத் தாண்டித்தான். "கடிகாரம் தப்பா சார்?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்காமல் இருக்காது. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, கோவை அதற்கு ஐந்தரை பாகை மேற்கே, பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கெல்லாம் அந்த வயதுக்கு வேண்டாம், கேள்வி வந்தால் போதும். ஏப்ரல் 18, 19 வாக்கில் அந்த நேரத்துக்கு நிழலே காணாமல் போகும். அதற்கப்புறம் ஆகஸ்ட் 24 வரைக்கும் உச்சி நிழல் தெற்கே விழும், மற்ற மாதமெல்லாம் வடக்கே. டெல்லிப் பிள்ளைகளுக்கு இது எந்த நாளும் வாய்க்காது, உச்சி நிழல் அங்கே எப்போதும் வடக்குதான். நமக்குச் சும்மா கிடைக்கிறது, பார்க்காமல் விடுகிறோம்.

கணக்குப்புள்ள:
நான் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன். கோடை ஏன் வருகிறது என்று கேட்டால் பதினொன்றாம் வகுப்பிலேயே பாதிப் பேர் "சூரியன் கிட்ட வருது சார்" என்பார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் போவது ஜனவரி முதல் வாரத்தில், 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளி நிற்பது ஜூலையில், 15.2 கோடி. நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு கிடக்கும்போதுதான் சூரியன் கிட்டே இருக்கிறது. இந்தத் தப்பு சின்ன வயதிலேயே அரைகுறையாகக் கேட்டு ஒட்டிக்கொண்டதுதான் என்பது என் கட்சி. 1992-இல் வோஸ்னியாடு, புரூவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தார்கள். பூமி உருண்டை என்று வாயால் சொன்ன பிள்ளைகளில் சிலர், நாம் ஒரு வெற்று உருண்டைக்கு உள்ளே தட்டையான தரையில் நிற்பதாக நினைத்திருந்தார்கள். வேறு சிலருக்கு இரண்டு பூமி, நாம் நிற்கிற தட்டையான பூமி ஒன்று, வானத்தில் உருண்டையாக இன்னொன்று. புத்தி பழுக்காத வயதில் சொன்னால் இப்படித்தான் ஆகும், ஆறாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

வேம்பரசி:
ஆறாம் வகுப்பு வரை பிள்ளைகள் காத்திருப்பார்களா என்ன? என் பையன் இரண்டாம் வகுப்பு, யூடியூபில் கருந்துளை பார்த்துவிட்டு அது நம் வீட்டை விழுங்குமா என்று கேட்கிறான். நீங்கள் சொல்லும் ஆய்வு எனக்கு நேர்மாறாகப் படுகிறது, யாரும் உட்கார்ந்து பேசாததால்தானே இரண்டு பூமி வந்தது? 2019 டிசம்பர் 26 வளைய கிரகணம் கோவை, திண்டுக்கல் வழியாகப் போனதே, அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை, பிள்ளைகளைச் சன்னல் பக்கம்கூட விடவில்லை. நான் மட்டும் வாசலில் நின்றேன். வேப்ப மர நிழலில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சம் ஒவ்வொன்றும் குட்டி வளையலாகத் தரையெல்லாம் கிடந்தது. குனிந்து மண்ணைப் பார்த்தாலே கிரகணம் தெரிந்தது, சூரியனை அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாசிரியர்:
நீங்கள் குனிந்து பார்ப்பீர்கள் அக்கா, நாற்பது பிள்ளைகளில் ஒன்று எக்ஸ்ரே பிலிமைக் கண்ணில் வைத்து மேலே பார்க்கும். கண்ணுக்கு ஏதாவது ஆனால் ஊர் என் சட்டையைத்தான் பிடிக்கும். அதை விடுங்கள், பள்ளி நடப்பது பகலில். ராத்திரி வானத்தைப் பகலில் எப்படிக் காட்டுவது?

ஆறாமீன்:
எக்ஸ்ரே பிலிம் கூடவே கூடாது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் நிலா பகலிலும் இருக்கிறதே. பௌர்ணமி கழிந்து ஆறேழு நாளில், காலை வழிபாட்டு நேரத்துக்கு மேற்கு வானத்தில் வெளுத்துப்போய் நிற்கும், கையை நீட்டிக் காட்டினால் ஒன்றாம் வகுப்புக்கும் தெரியும். வெயிலில் நின்று ஒரு ரப்பர் பந்தை அந்த நிலாவுக்கு நேராக நீட்டிப் பிடியுங்கள். நிலாவில் எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ, பந்திலும் அந்தப் பக்கம் அவ்வளவு. நான் பார்த்த ஒரு பிள்ளை பந்தை இறக்குவதும் ஏற்றுவதுமாகவே நின்றது, தேய்பிறை என்ற வார்த்தையே யாரும் சொல்லவில்லை.

கணக்குப்புள்ள:
பந்து சங்கதி நன்றாக இருக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்தது என்ன நடக்கும் தெரியுமா? படம் போட்டு விளக்குகிறேன் என்று ஒருவர் கரும்பலகையில் பூமியையும் நிலாவையும் ஒரு சாண் இடைவெளியில் வரைவார். பூமி கூடைப்பந்து என்றால் நிலா டென்னிஸ் பந்து, நடுவில் ஏழு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், வகுப்பறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர். அந்தப் படம் பிள்ளை மனதில் பதிந்துவிட்டால் கிரகணம் ஏன் மாதாமாதம் வரவில்லை என்பதை நான் எப்படிப் புரியவைப்பது? முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அப்புறம்தான் பிள்ளை.

வேம்பரசி:
பயிற்சி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் என் பையன் கல்லூரிக்கே போய்விடுவான். குச்சி நடுவதற்குமா பயிற்சி?

இரண்டாசிரியர்:
குச்சியும் பந்தும் மட்டும் என்றால் நடுகிறேன், கணக்குப் பாடத்தில் நீளம் அளப்பதற்கு எப்படியும் எதையாவது அளக்கத்தான் வேண்டும், நிழலையே அளந்துவிட்டுப் போகட்டும். மன்றம், பதிவேடு, பொறுப்பாசிரியர், தினம் இரண்டு போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்று என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால், அன்றைக்கே அந்தக் குச்சியைப் பிடுங்கிவிடுவேன்.