புதுப்பிப்பு: கட்டுரையில் வாதத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுவது

பிளஸ் ஒன் கட்டுரைகளில் நடையை விட்டுவிட்டு வாதத்தை மட்டும் எப்படி அளப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கைகொடுத்தது பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958-இல் முன்வைத்த, வாதத்தை உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை. ஆறு உறுப்புகளையும் எடுத்தால் எனக்கே குழப்பம். கருத்து, சான்று, இரண்டையும் இணைக்கும் காரணம், எதிர்வாதம் என்று நான்கோடு நிறுத்தி, மாணவர்களின் தாள்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமாகக் கோடு போட்டேன்.

'வேளச்சேரியில் வெள்ளம் தேங்குகிறது, ஆகவே பள்ளிக்கரணையில் கட்டடம் கூடாது' என்று பலர் எழுதியிருந்தார்கள். சென்னையின் பள்ளிக்கரணை ஒரு சதுப்பு நிலம், அது வெள்ளத்தை உள்வாங்கும் என்ற இணைப்பு எங்குமே இல்லை. மலையில் புகை, ஆகவே நெருப்பு என்ற பழைய தருக்க உதாரணத்தைச் சொல்லி, புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதுதான் அதில் இணைப்பு என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

எதிர்பாராத ஒன்று: அழகாக எழுதும் பிள்ளைகளின் தாளில்தான் இணைப்புக்கான பச்சைக் கோடு மிகக் குறைவு. இத்தனை நாள் நடைக்கு மயங்கி மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்திருக்கிறேன்!