பாதி சுரண்டினால்தான் சுற்றும்

குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

அக்கா (6:04): சித்தி, சின்னவன் பள்ளியில் வானவில் மன்றத்தில், அதான் அரசு நடத்தும் அறிவியல் சோதனைத் திட்டத்தில், பார்த்த மோட்டாரை வீட்டில் செய்கிறான். ஊக்கு, காந்தம், பேட்டரிக் கட்டை எல்லாம் சரி. கம்பிச்சுருள் ஆடுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது.

மாமா (6:06): அதுக்குத்தான் ரோபோ வகுப்பில் சேர்க்கச் சொன்னேன். பணம் கட்டினால் பெட்டியே தருகிறார்கள்.

சித்தி (6:09): கொஞ்சம் பொறுங்கள் அண்ணா. கம்பியின் இரண்டு முனையிலும் எனாமல் பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டானா?

அக்கா (6:10): ஆமாம் சித்தி, பளபளவென்று இருக்கிறது.

சித்தி (6:14): அதான். ஒரு முனை முழுக்க, மறு முனை ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் சுரண்டினால் மின்சாரம் நிற்காது. அரைச் சுற்று தாண்டியதும் காந்தம் திருப்பி இழுக்கும், சுருள் ஊஞ்சல் ஆடும். பாதியில் பூச்சு இருந்தால் அந்த நேரம் மின்சாரம் அறுந்து, வந்த வேகத்திலேயே கடந்துவிடும்.
புதுக் கம்பி வேண்டாம். சுருளை நிமிர்த்திப் பிடித்து, ஒரு முனையின் மேல்பக்கம் மட்டும் நெயில் பாலிஷ் தடவிக் காயவிடு.

மாமா (6:16): இதைப் பள்ளிக்கு வந்தவர் சொல்லவில்லையா?

சித்தி (6:21): சொல்லியிருப்பார். 2022 நவம்பர் 28-ல் திருச்சியில் வானவில் மன்றத்தைத் தொடங்கும்போதே 13,210 பள்ளிகளுக்கு, சோதனை செய்துகாட்ட வரும் கருத்தாளர்கள் 710 பேர்தான். ஆளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளி! அவர் கிளம்பிய பிறகு பிள்ளைகள் கேட்பது ஆசிரியர்கள் எங்களைத்தான். எங்கள் கை பழகியிருக்க வேண்டாமா? நான் போன ஒரு பயிற்சியில் நாள் முழுக்க ஸ்லைடு, கம்பியைத் தொடவே இல்லை. கொடுத்த பெட்டியும் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயம்.

பெரியப்பா (6:30): நான் போபாலில் இருந்தபோது பக்கத்து ஹோஷங்காபாத்தில், செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் திட்டத்தைச் சரியாக நடத்தினார்கள் அம்மா. 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பம். கோடை விடுமுறையில் ஆசிரியர்களே மாணவர்கள் மாதிரி உட்கார்ந்து ஒவ்வொரு சோதனையையும் செய்து பார்ப்பார்கள். பரீட்சையில் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவங்கள் செய்ய ஆரம்பித்தது அங்கேதான். 2002-ல் அரசு நிறுத்திவிட்டது. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மாமா (6:33): அப்போ ரோபோவே வேண்டாமா?

சித்தி (6:35): யார் வேண்டாம் என்றது? பள்ளிகளில் பிள்ளைகள் கருவிகள் செய்து பழக வைக்கும் அடல் ஆய்வகம் ஒன்றுக்கு மத்திய அரசு 20 லட்சம் வரை தருகிறது. த்ரீ-டி பிரிண்டர் வரைக்கும் வைக்கிறார்கள். அதற்கும் தொட்டுப் பழகிய ஆசிரியர் வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா (6:41): சுற்றுதுதுது!! வீடியோ அனுப்புகிறேன். காந்தத்தைத் தலைகீழாக வைத்தால் என்ன ஆகும் என்கிறான்.

சித்தி (6:42): சொல்லாதே, வைத்துப் பார்க்கட்டும். முடிந்ததும் கட்டையைக் கழற்றிவிடு, சூடாகும்.

மாமா (6:42): எதிர்ப்பக்கம் சுற்றும், அதானே?

சித்தி (6:43): அண்ணா!!!

பெரியப்பா (6:47): நம் தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடையில் துண்டுக் கம்பி நிறையக் கிடக்கிறது. வேண்டுமா அம்மா?

சித்தி (6:49): வேண்டும் அத்தான். வெள்ளிக்கிழமை பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எட்டுப் பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு மீட்டர் போதும். ஊக்கு வாங்கிவிட்டேன்.