புதுப்பிப்பு: வெயிலில் எடுத்த கொக்குப் படங்கள் மசமசவென்று வந்தது – காரணம் கிடைத்தது

என் முந்தைய பதிவுக்கு யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: ஏரிக்கரையில் நண்பகலில் 400 மி.மீ. லென்ஸில் எடுத்த படங்கள் 1/2000 நொடி ஷட்டர் வேகத்திலும் கூர்மையில்லாமல் வந்தன.

ஷட்டரை 1/3200க்கு ஏற்றியும் பயனில்லை. லென்ஸின் முன்னால் மாட்டியிருந்த யுவி ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றியதிலும் பெரிய வித்தியாசமில்லை. முக்காலியில் வைத்து, கையால் ஃபோகஸ் செய்து, அதையே பூட்டி, ஒரே கல்லை 20 ஃபிரேம் எடுத்ததில்தான் பிடிபட்டது. 100 சதவீதம் பெரிதாக்கினால் கல்லின் விளிம்பு ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு மாதிரி நெளிகிறது. ஃபோகஸ் பிழை என்றால் இருபதும் ஒரே மாதிரி மங்கியிருக்கும். ஆக, உங்களில் கானல் (வெயிலில் சூடான காற்று கலங்கி, ஒளியை வளைத்துக் காட்சியை நெளிய வைப்பது) என்று சொன்னவர் சொன்னதே சரி.

காலை 7 மணிக்கு அதே தூரத்தில் கல்லின் பாசி இழை இழையாகத் தெரிகிறது. நண்பகலில் நெருங்கிப் போவது ஒன்றே வழி; நீளமான லென்ஸ் வாங்கினால் நெளிவும் சேர்ந்தே பெரிதாகும்.

எதிர்பாராதது: ஏசி காரிலிருந்து இறங்கியதும் எடுத்தவை காலையிலும் மங்கல். கண்ணாடியில் ஆவி படியவில்லை; குளிர்ந்த லென்ஸுக்கு முன்னால், ஹூடுக்குள் (லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்புக்குள்), காற்று கலங்குகிறது. அரை மணி நேரம் நிழலில் வைத்தபின் சரியானது. கார் ஜன்னல் வழியாக எடுப்பவர்களும் ஏசியை நிறுத்திவிடுங்கள், அதே கதைதான்.